கொஞ்ச நேரம் பிள்ளைய வச்சிருப்பியளா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. அதே சமயத்தில் இவருக்கு வளைகுடாவில் இருந்த வேலை போய், ஊருக்கு வந்துவிட்டார். தங்கையின் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. வாங்கின கடனுக்கு வட்டி ஓடுகிறது. "விடாமுயற்சி வேணும், நம்பிக்கை வேணும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதெல்லாம் எங்கிருந்து வரும்? யாரிடமும் அன்பாகப் பேசக்கூட எனக்கு மனம் வரவில்லை, அப்பாவிடம்கூட." கேள்வி இதுதான்.

தம்பி, "எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்களிடம் ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள். நானும் சேர்ந்து அதைச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே, நீரோடி வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களில். 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் வேலையில் இருந்தபோதே பார்த்தேன். அந்த இரண்டையும் ஊரே சேர்ந்து அனுபவித்தது. உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒற்றை வீட்டுப் புயல். அதற்கு வெளியூரிலிருந்து லாரியில் அரிசி வராது, பேப்பரில் செய்தி வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரிந்திருக்கும். அதனால் உங்கள் பாடு சின்னது என்று நினைக்க வேண்டாம். தனியாகத் தாங்குவதால் அது சில விதத்தில் கூடுதல் கஷ்டம்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் சொல்ல வருவது முழுக்க அதில்தான் இருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று காற்று எப்படி அடித்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். உள்நாட்டில் ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்தன, பல நாள் கரண்ட் இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இருந்த கவலை வேறு. அங்குள்ளவர்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், போனால் வாரக்கணக்கில் கடல்மேல்தான். எச்சரிக்கை வரும் முன்பே போய்விட்ட படகுகளுக்குத் தகவல் எப்படிப் போகும்? கோயில் முற்றத்தில் உட்கார்ந்து படகின் பெயர், அதில் போனவர்கள் பெயர் என்று பட்டியல் எழுதினார்கள். எங்கள் ஆட்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். பிறகு லட்சத்தீவிலிருந்தும் கர்நாடக, மகாராஷ்டிரக் கரைகளிலிருந்தும் போன் வரத் தொடங்கியது: "இங்கே கரையேறிட்டோம்." ஒவ்வொரு போனுக்கும் பட்டியலில் சில பெயர்கள் மீது கோடு விழும், ஒரு வீட்டில் அழுகை நிற்கும். கோடு விழாத பெயர்களும் இருந்தன.

அப்படி ஒரு வீட்டுக்குப் பிள்ளைக்கு ஊசி போடும் நாள் தவறிவிட்டதே என்று போனேன். இருபத்தைந்து வயதுகூட இராது அந்தப் பெண்ணுக்கு. முன்கதவு சாத்தியிருந்தது. திண்ணையில் அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன தூக்குவாளிகள் மூன்று, மூடி திறக்காமலே இருந்தன. பின்பக்கமாக அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கு. தினமும் சாயங்காலம் அவருக்கும் சேர்த்து அரிசி அளந்து போடுவாள், ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி வைப்பாள், காலையில் கொண்டுபோய்க் கொட்டுவாள் என்று பிறகு தெரிந்தது. நான் என்ன கேட்டாலும், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்." ஊசி போட்டுவிட்டு வந்தேன். அடுத்த தடவையும் அதே பதில், அதற்கடுத்த தடவையும் அதே பதில்.

நாலாவது தடவை, நான் கிளம்பும்போது கதவருகில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நர்ஸக்கா, கொஞ்ச நேரம் பிள்ளைய வச்சிருப்பியளா? தலையில தண்ணி விட்டு எத்தன நாளாச்சின்னே தெரியல்ல" என்றாள்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்படியில் உட்கார்ந்தேன். உள்ளே வாளியில் தண்ணீர் கோரும் சத்தம் கேட்டது. நடுவில் நின்றுவிட்டது, வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அழுகிற சத்தம். பிறகு மறுபடியும் தண்ணீர். ஈரத்தலையோடு வெளியே வந்தவள் திண்ணையிலிருந்த தூக்குவாளி ஒன்றைத் தானே எடுத்துத் திறந்தாள். கஞ்சியும் பயறும். நின்றபடியே குடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு குடம் தண்ணீர். உபதேசியாரிடம், ஆபீசிலிருந்து வந்த தாளை வாசித்துச் சொல்லச் சொன்னாள். நாத்தனாரிடம், ராத்திரி கூட வந்து படுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றும் சின்னக் காரியம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஆள் போக்குவரத்து வந்துவிட்டது. மூன்று தூக்குவாளி நிறைய அன்பு அதற்கு முன்பும் அந்தத் திண்ணையில் இருந்ததுதான். அது உள்ளே போக வழி இல்லாமல் இருந்தது.

இத்தனை வருடத்தில் நான் கவனித்தது இது: கரையேறிய வீடுகளில் பெரும்பாலானவை பணம் இருந்த வீடுகளோ, தைரியசாலிகளின் வீடுகளோ அல்ல. கேட்கத் தெரிந்த வீடுகள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது லேசில் வராது. கடன் வாங்கியாவது கல்யாணம் நடத்துவோம், "கொஞ்சம் கை கொடுங்க" என்று கேட்க மாட்டோம். நாலு பேருக்குத் தெரிந்தால் கேவலம் என்று கதவைச் சாத்திவிடுவோம். வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் இந்த மான உணர்ச்சி இரட்டிப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கிற இடத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு வாங்குகிற இடம் முள்ளாகக் குத்தும். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட "மாமா வந்தார்", "கூட்டுக்காரன் வந்து அப்பாவைத் தூக்கிவிட்டான்" என்று ஒரு வரி இல்லை. அதைப் படித்தபோதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் சாத்திய கதவு நினைவுக்கு வந்தது.

கேட்கும்போது ஒரு பக்குவம் இருக்கிறது. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பவரிடம் "சரி, சொல்றேன்" என்று சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடும். "வியாழக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அப்பாகூட இருக்க முடியுமா, நான் பேங்க் வரைக்கும் போகணும்" என்று கேட்டுப் பாருங்கள். நாள், நேரம், காரியம் மூன்றும் இருந்தால் எதிராளிக்கும் சுலபம். உதவ மனம் இருந்தும் எதைச் செய்வது என்று தெரியாமல் தயங்கி நிற்கிறவர்கள் ஊரில் நிறைய. சிலர் முடியாது என்பார்கள். அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் மறுத்தார் என்று மற்றவர்களைக் கேட்காமல் விட வேண்டாம். ஒக்கி முடிந்த அடுத்த வாரம், டிசம்பர் 7ஆம் தேதி, காணாமல் போனவர்களைத் தேடித் தாருங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். பெண்களும் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் கேட்பதுதான். அன்றைக்கு யாரும் அதைக் கேவலம் என்று நினைக்கவில்லை.

இனி, அப்பாவிடம்கூட அன்பு வரவில்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். நீங்கள் கெட்ட பிள்ளை ஆகிவிட்டதாகப் பயந்து எழுதியிருப்பது தெரிகிறது.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே ஒரு வகைத் துக்கத்தைப் பிரித்துக் காட்டினார். தெளிவில்லாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். அது இரண்டு விதம். ஆள் கண்முன் இல்லை, ஆனால் இறந்தார் என்றும் சொல்ல முடியாது. கடலில் காணாமல் போனவர்களின் வீடு இந்த விதம். ஆள் கண்முன்னேயே இருக்கிறார், ஆனால் பழைய ஆளாக இல்லை; இது இரண்டாவது விதம். உங்கள் வீடு இரண்டாவது. சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்த அப்பா, உங்களை அதட்டின அப்பா இப்போது இல்லை. ஆனால் அப்பா கட்டிலில் இருக்கிறார். இருக்கிறவரை நினைத்து அழ முடியாது, அழாமலும் இருக்க முடியாது. இந்த இடத்தில் மனசு மரத்துப்போவது வழக்கம். எரிச்சல் வருவதும் வழக்கம். அன்பு வற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. துக்கம் போக வழியில்லாமல் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். "எனக்கு என் பழைய அப்பா வேணும்" என்று ஒரு தடவை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அம்மாவிடமாவது. அவரும் அதையே உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

பக்கவாதத்தைப் பற்றி ஒரு செவிலியராகச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். அப்பா சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறாரா? டிவியில் யாரோ சிரித்தால்கூட விம்முகிறாரா? பலருக்கு இது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வருவது. அழுகையை அடக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் மனம் உடைந்து அழுகிறார் என்று நீங்களும் சேர்ந்து உடைய வேண்டாம். அதே சமயம், பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. சாப்பாட்டில் விருப்பம் இல்லாமல், பயிற்சிக்கு மறுத்து, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. பேச்சு குழறுகிறவர்களுக்குப் பல நேரம் புரிதல் அப்படியே இருக்கும். அவர் முன்னால் வைத்தே கடன் கணக்கையும் கல்யாணக் கவலையையும் பேசாதீர்கள்.

கை கால் அசைவு முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாகத் திரும்பும் என்பது உண்மை. அதற்காக ஏழாவது மாதத்தோடு கதவு மூடிவிடாது. மெதுவாக, பயிற்சி செய்யச் செய்ய, பிறகும் முன்னேற்றம் வரும். படுக்கையிலேயே இருக்கிறவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், நிமிர்த்தி உட்கார வைத்தே கஞ்சி கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், படுக்கையில் கிடப்பவர்களையும் வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். இதுவும் கேட்டால்தான் வரும்.

விடாமுயற்சி எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். உங்கள் பக்கத்தில் ரப்பர் இருக்கும், பால்வெட்டைப் பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர்கள். என் தம்பி குலசேகரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் வெட்டினான். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவான், வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கத்தியை வைத்து இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டைதான் சீவி வரும், சுருண்டு விழும். அதற்கு மேல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். அந்தக் காயம் ஆறினாலும் முண்டு கட்டிவிடும், பிறகு அந்த இடத்தில் வெட்டு சரியாக ஓடாது. புது ஆட்கள் கூடுதல் பால் வரட்டும் என்று அழுத்தி வெட்டுவார்கள், இவன் பின்னால் நின்று திட்டுவான். அப்புறம், இன்றைக்கு வெட்டின மரத்தை நாளைக்கு வெட்டுவதில்லை. பால் ஊற அதற்கு ஒரு நாள் வேண்டும்.

நீங்கள் ஏழு மாதமாக ஒரு நாளும் விடாமல் அழுத்தி வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை தேடுவது, ஆஸ்பத்திரி, வட்டி, தங்கையின் கல்யாணம் எல்லாம் ஒரே நாளில், ஒரே மனசில். ஒரு நாளைக்கு ஒரு சீவல் போதும். இன்றைக்கு வட்டிக்காரரைப் பார்த்துப் பேசுகிற நாள் என்றால் அது மட்டும்தான். வாரத்தில் அரை நாள் யாரையாவது அப்பாவிடம் இருத்திவிட்டுக் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போய் வாருங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல். துக்கத்தில் இருப்பவர்கள் துக்கத்துக்குள்ளும் அன்றாட வேலைக்குள்ளும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்று 1999இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது வரும் முன்பே எங்கள் கடற்கரையில் இழவு வீட்டுப் பெண்களை நாலாம் நாளே யாராவது மீன் நறுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். மனசு தேறினால் எழுந்திருக்கலாம் என்று படுத்துக் கிடப்பவர்களுக்கு மனசு தேற நாளாகிறது. கையில் ஒரு வேலை எடுத்தவர்களுக்குப் பின்னால் மனசு மெல்ல வருகிறது. மனச்சோர்வுக்கு இன்று கொடுக்கிற சிகிச்சைகளில் ஒன்றே இந்த வழியில்தான் நடக்கிறது.

நம்பிக்கைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்வேன். தேதி வைக்காதீர்கள். "கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவார்" என்று நாள் குறித்துக் காத்திருந்த வீடுகள் கிறிஸ்துமஸ் தாண்டியதும் இரண்டாவது தடவை இடிந்ததைப் பார்த்தேன். "ஓணத்துக்குள் அப்பா நடப்பார்" என்று கெடு வைக்க வேண்டாம். இந்த வாரம் கரண்டியைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள்.

அன்பு. எனக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1982இல் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவக் கலவரம் நடந்தது உங்கள் தலைமுறைக்குக் கதையாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு பல வருடம் கடற்கரைக்காரர்களுக்கும் உள்நாட்டுக்காரர்களுக்கும் நடுவில் ஒரு கசப்பு இருந்தது. மீன் வாங்குவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவது வரைக்கும் அது தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் ஒரு காலையில் போயின. மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போனது. அன்று மத்தியானம் நான் வேலை செய்த முகாமுக்கு ஒரு டெம்போவில் பெரிய அண்டாக்களில் சாம்பார் சாதம் வந்தது. உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து. கொண்டுவந்த பெரியவர் நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. பரிமாறுகிறபோது ஒரு கிழவி தட்டை நீட்டாமல் உட்கார்ந்தே இருந்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை, அவள் கையை நீட்டும் வரைக்கும். அதே நாள் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையில் சிக்கிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளைப் படகில் கொண்டுவந்து கரை சேர்த்ததும் நம் மீனவர்கள்தான்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு வந்து சுமை தூக்கி வந்த 7 பேர் இறந்துபோனார்கள், இவர் பிழைத்தார். அந்தப் பாரம் அவர் மனதில் இருந்தது. அதே வருடம் நெய்யூருக்கு வந்து, நோயாளிகள் கூட்டத்தையும் அவர்களைச் சமாளிக்க முடியாமல் இருந்த ஆஸ்பத்திரியையும் பார்த்தார், பிறகு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். மனம் ஆறின பிறகு வரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

உங்களை நான் அவ்வளவு பெரிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது அன்பு பொங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடு பார்த்துக் கொடுங்கள், வாயோரம் துடைத்துவிடுங்கள், அது போதும். மனம் மரத்திருக்கிற நாளில் அன்பு இப்படித்தான் இருக்கும். எரிச்சலில் கத்திவிட்டால் கொஞ்ச நேரம் கழித்துப் போய், "அப்பா, அலுப்பில் கத்திட்டேன்" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ராத்திரிகளில் "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104க்கும் அடிக்கலாம். பக்கத்து அறையில் அம்மா தூங்கினால் எழுப்புங்கள். எழுப்பினதற்காக எந்த அம்மாவும் கோபித்ததில்லை.

அந்தப் பெண்ணை இப்போதும் போய்ப் பார்ப்பேன். சாத்தியிருந்த அந்த முன்கதவை ஒட்டி ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், அப்பாவின் முகச்சாடை அப்படியே இருக்கிறது. அரிசி எப்போதிலிருந்து ஒருவர் அளவு குறைந்தது என்று நான் கேட்டதில்லை. போன மாதம் போனபோது மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறியோடு வைத்தாள். கிளம்பும்போது கதவருகில் வந்து, இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "நர்ஸக்கா, வாற சனிக்கிழம நான் நாகர்கோவிலுக்குப் போணும். கடைய கொஞ்ச நேரம் பாத்துக்கிடுவியளா?"

எனக்கு முட்டு வலி, பஸ் ஏறுவதே சிரமம். சரி, வாறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.